கிடேரிக்கு மட்டும் ஏன் இந்த ஊசி?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களிடம் ஒன்பது கலப்பினக் கறவை மாடுகள் இருக்கின்றன. கிடேரிகளில் 3 மாதம், 5 மாதம், 7 மாதம், 11 மாதம் என்று நான்கு; 2 வயதில் இன்னொன்று, அது 4 மாதச் சினை. 6 மாதக் காளைக் கன்று ஒன்றும் உண்டு. வரும் வாரம் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போட வருவதாகக் கால்நடை மருந்தகத்தில் சொன்னார்கள். 4 முதல் 8 மாதக் கிடேரிக்கு மட்டும்தானாம். கோமாரி ஊசியை எல்லா மாட்டுக்கும் போடுகிறவர்கள் இதை மட்டும் ஏன் இப்படிப் பிரிக்கிறார்கள்? போன வருடம் சந்தையில் ஒரு மாடு பிடித்து வந்தோம். அது ஏழாம் மாதத்தில் சினை கலைந்து கன்று வீசியது. இரண்டு மாதம் கழித்து இன்னொன்றும் வீசியது. அதனால் கறவை மாடுகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பயோடெக்னாலஜி படிக்கும் என் மகள், இது செத்த கிருமி அல்ல, வீரியம் குறைந்த உயிர்க் கிருமி, எலியில் சோதித்தது என்கிறாள். அது மாட்டுக்குள் போய் மறுபடி வீரியம் பெற்றுவிடாதா? எலியில் சரியாக இருந்தால் மாட்டிலும் சரியாக இருக்குமா? வீட்டில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம். பால் கறப்பது அவள்தான்.
— ஒரு பால் பண்ணையாளர், ஈரோடு மாவட்டம்

பதில்: வணக்கம். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. 5 மாதக் கிடேரிக்கும் 7 மாதக் கிடேரிக்கும் இந்த முறையே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். 3 மாதக் கன்று அடுத்த சுற்றுக்கு. 11 மாதக் கிடேரி, சினைக் கிடேரி, காளைக் கன்று, கறவை மாடுகள் எதற்கும் வேண்டாம். மருமகள் அன்றைக்குக் கட்டுத்தறிப் பக்கமே வரக் கூடாது. பால் கறக்கும் வேலையையும் இன்றே வேறு ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். அதற்குக் காரணம் வரப்போகும் ஊசி அல்ல, போன வருடம் கன்று வீசிய அந்த இரண்டு மாடுகள். உண்மையில் உங்கள் பண்ணைக்கு ஊசியைவிட அவசரம் அந்த ஒன்பது மாடுகளின் ரத்தப் பரிசோதனை.

உங்கள் மகள் சொல்வது சரி. இந்த ஊசியைப் பற்றிய எல்லா விதிகளும் அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன. கோமாரி ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் போடுவது கொன்ற கிருமி. அவற்றைச் சினை மாட்டுக்குப் போட்டாலும் அந்தக் கிருமி கருவைத் தொடாது. தவறிக் கையில் குத்திக்கொண்டாலும் அந்த நோய் வராது. கன்று வீச்சு ஊசியில் இருப்பது புரூசெல்லா அபார்ட்டஸ் என்ற கிருமியின் எஸ்-19 என்னும் ரகம். குப்பிக்குள் அது உயிரோடு இருக்கிறது, கன்றுக்குள் போய்ப் பெருகுகிறது, பெருகினால்தான் பலன். இந்தியாவில் ஒரு கன்றுக்குப் போடும் 2 மி.லி. அளவில் குறைந்தது 4,000 கோடி உயிருள்ள கிருமிகள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஊசி முனையில் தொங்கும் ஒரு சிறு துளியில் மட்டும் ஏறத்தாழ 100 கோடி.

கொன்ற கிருமியையே இதற்கும் போட்டால் என்ன என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தார்கள். புரூசெல்லா ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ரகம் அல்ல; நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் அங்கே எட்டுவதில்லை. குடியிருக்கும் அணுவையே கிருமியைக் கொல்லத் தூண்ட வேண்டும். அந்தத் தூண்டுதலுக்கு, தடுப்பூசிக் கிருமி நிணநீர்க் கட்டிகளில் சில வாரமாவது உயிரோடு தங்க வேண்டியிருக்கிறது. சீக்கிரம் செத்தால் பாதுகாப்பு இல்லை, சாகாமலே தங்கினால் அதுவே நோய். இந்த நோய்க்கான உயிர்த் தடுப்பூசி ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கிருமியைத் தேடியதுதான்.

எஸ்-19 அப்படிக் கிடைத்தது திட்டமிட்டு அல்ல. அமெரிக்க வேளாண் துறையில் ஜான் பக் என்ற ஆய்வாளர் 1923-இல் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தார். வளர்ப்புக் குழாய் ஒரு வருடம் போல ஆய்வகத்தில் சாதாரண வெப்பநிலையிலேயே கிடந்தது. பிறகு எடுத்துச் சோதித்தபோது நோயூட்டும் வீரியம் குறைந்திருந்தது, எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும் திறன் போகவில்லை. இன்று உலகம் முழுக்கக் கிடேரிகளுக்குப் போடும் எஸ்-19, அந்த ஒரே வளர்ப்பின் வழிவந்தது.

மறுபடி வீரியம் பெறாதா என்பது நியாயமான பயம். இதே நோய்க்கான வேறொரு ரகத்தில் அது நடந்தும் இருக்கிறது. 1930-களில் பிரிட்டனில் 45 என்ற எண்ணுள்ள கிருமியைக் கினிப் பன்றிகளில் 20 முறை மாற்றி மாற்றிச் செலுத்தி 45/20 என்ற வீரியம் குறைந்த ரகத்தை உண்டாக்கினார்கள். உயிரோடு செலுத்தியபோது அது பழைய வீரிய வடிவத்துக்குத் திரும்பும் போக்கைக் காட்டியது. அதனால் உயிர் ஊசியாக அதைக் கைவிட்டு, கொன்று, எண்ணெய்க் கலவையில் சேர்த்துக் கொஞ்ச காலம் பயன்படுத்தினார்கள். ஊசி போட்ட இடத்தில் கட்டி, ரத்தப் பரிசோதனையில் குழப்பம், நிலையில்லாத பலன் என்று அதுவும் ஓய்ந்தது. எஸ்-19 அப்படி மாறவில்லை. பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான கன்றுகளில் போட்ட பின்பும் அதன் குணம் நிலையாக இருக்கிறது.

ஏன் நிலையாக இருக்கிறது என்பதில் உங்கள் மகளுக்குச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. சினை மாட்டின் இளங்கொடியில் (நஞ்சுக்கொடியில்) எரித்ரிட்டால் என்ற சர்க்கரை நிறைய இருக்கும். வீரியமுள்ள புரூசெல்லாவுக்கு அதுதான் விருந்து. கிருமி கருப்பைக்குப் போய்க் கொத்துக் கொத்தாகப் பெருகுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று 1960-களில் கண்டார்கள். எஸ்-19 ரகத்தில் அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுப் பகுதியில் 702 எழுத்துகள் (டி.என்.ஏ. அலகுகள்) விடுபட்டுப் போயிருக்கின்றன. அந்தச் சர்க்கரை அதற்குத் தீனியாவதற்குப் பதில் வளர்ச்சியைத் தடுக்கிறது. எழுத்து ஒன்று மாறியிருந்தால் திரும்ப மாறலாம்; 702 எழுத்துகள் தொலைந்தால் தானாக முளைக்காது. ஆனால் கதை இதோடு முடியவில்லை. வீரியமுள்ள கிருமியில் இந்த மரபணுவை மட்டும் கெடுத்து எலியில் செலுத்தியபோது அது வீரியம் இழக்கவில்லை. அப்படியானால் எஸ்-19 சாதுவாக இருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்க வேண்டும். 2008-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வீரிய ரகங்களோடு ஒப்பிட்டபோது, வேறு பல மரபணுக்களிலும் வேறுபாடுகள் தெரிந்தன. பல இடத்தில் உடைந்த கிருமி என்பதால் திரும்பி வருவது கடினம்.

இருந்தாலும் நம்பிக்கையை மட்டும் வைத்து யாரும் மருந்து தயாரிப்பதில்லை. தயாரிப்புக்கு அடிப்படையான விதைக் கிருமியையும் பிறகு வரும் தொகுப்புகளையும் வளர்ப்புத் தட்டில் சோதிக்கிறார்கள். உண்மையான எஸ்-19 கூடுதல் கார்பன் டை ஆக்சைடு இல்லாமலே வளரும், மி.லி.க்கு 5 யூனிட் பென்சிலின், 2 மைக்ரோகிராம் தயோனின் நீலம், 1 மி.கி. எரித்ரிட்டால் ஆகியவை இருக்கும் தட்டுகளில் வளராது. தொழுவங்களில் நோய் பரப்பும் வீரியக் கிருமியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் இது. கூடவே, படிக ஊதாச் சாயம் ஊற்றி, மேலுறை வழவழப்பாக உள்ள கிருமிக் கூட்டங்கள் எத்தனை, சொரசொரப்பானவை எத்தனை என்று எண்ணுகிறார்கள். சொரசொரப்பானவை கூடினால் அந்தத் தொகுப்பின் பாதுகாக்கும் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். நடைமுறையில் தடுப்பூசி கெடும் திசையும் பெரும்பாலும் இதுதான்: வீரியம் ஏறுவது அல்ல, பலன் இல்லாமல் போவது.

எலிச் சோதனைக்கு வருவோம். எலியில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுகிறார்கள். முதலாவது, எவ்வளவு நாள் தங்குகிறது? 5, 6 வார வயதுள்ள 32 பெண் எலிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 10 கோடி கிருமிகள். பிறகு 3, 6, 9, 12-ஆம் வாரங்களில் எட்டு எட்டாக எடுத்து, மண்ணீரலில் கிருமி மிச்சம் இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிறார்கள். பாதி எலிகள் கிருமியை முழுவதும் வெளியேற்றிவிட எத்தனை வாரம் என்று கணக்கிட்டால், நல்ல எஸ்-19 விதைக்கு அது சுமார் 7 வாரம். மிகவும் குறைந்தால் கிருமி தேவைக்கு மேல் சாதுவாகிவிட்டது. மிகவும் கூடினால் வீரியம் ஏறியிருக்கிறது. இரண்டாவது, பாதுகாக்கிறதா? ஊசி போட்ட எலிக்கும் போடாத எலிக்கும் பின்னர் வீரியக் கிருமியைச் செலுத்தி, மண்ணீரலில் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிடுகிறார்கள்.

எலி சொல்லாத பதில்தான் உங்களுக்கு முக்கியமானது. நான் மேலே சொன்ன எரித்ரிட்டால், மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இளங்கொடியில் இருக்கும் அளவுக்குக் கினிப் பன்றியிலோ மனிதரிலோ இருப்பதில்லை. கொறிவிலங்கின் மண்ணீரலைப் பார்த்து, சினை மாட்டின் கருப்பையில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கடைசிச் சோதனை மாட்டில்தான்: கிடேரிகளுக்கு ஊசி போட்டு, பருவம் வந்து சினையான பிறகு, சினைக் காலத்தின் நடுவில் வீரியக் கிருமியைக் கண்ணில் சொட்டி, எத்தனை மாடு கன்று வீசுகிறது, பாலிலும் இளங்கொடியிலும் கிருமி இருக்கிறதா என்று ஈற்று வரை காத்திருந்து பார்க்க வேண்டும். ஒரு சோதனைக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். கட்டுப்பாடு மிகுந்த தனி வளாகமும் வேண்டும். எலியில் நன்றாக இருந்த பல ரகங்கள் இந்த இடத்தில்தான் தேறாமல் போகின்றன. எஸ்-19 இதிலும் தேறியது, ஆனால் நூற்றுக்கு நூறு அல்ல. நல்ல முறையில் போட்டால் பத்துக்கு ஏழு மாடுகள் போலப் பாதுகாக்கப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று, சுத்தத்தையும் பரிசோதனையையும் நம்பித்தான் இருக்கின்றன.

இனி வயது விவகாரம். எஸ்-19 கிருமியின் மேலுறையில் நீளும் சர்க்கரைச் சங்கிலி, வீரியக் கிருமியில் உள்ளதைப் போலவே இருக்கும். ரோஸ் பெங்கால் போன்ற ரத்தப் பரிசோதனைகள் தேடுவது அந்தச் சங்கிலிக்கு எதிரான புரதத்தைத்தான். 4 முதல் 8 மாதத்தில் ஊசி போட்டால், பெரும்பாலான கிடேரிகளில் அந்தப் புரதம் படிப்படியாக வடிந்து, சினைப்பருவத்துக்குப் பிறகு பரிசோதித்தால் இல்லை என்றே வரும். பருவம் நெருங்கிய கிடேரிக்கோ வளர்ந்த மாட்டுக்கோ முழு அளவைப் போட்டால் புரதம் வருடக்கணக்கில் நிற்கலாம். பிறகு அந்த மாட்டை எங்கே பரிசோதித்தாலும் நோய் உள்ளது என்று வரும். நோயா ஊசியா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு. உங்கள் 11 மாதக் கிடேரிக்கு வேண்டாம் என்பது இதனால்தான். 4 மாதத்துக்குக் கீழே உள்ள கன்றில், சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் மிச்சம் இருந்தால் தடுப்பூசிக் கிருமியை அடக்கிவிடக்கூடும். 3 மாதக் கன்று காத்திருக்கட்டும்.

சினை மாட்டுக்கு எஸ்-19 போட்டால், வீரியம் குறைந்ததே ஆனாலும் சிலவற்றில் அதுவே கன்று வீச வைக்கும், பாலிலும் வெளியேறும். காளைக் கன்றில் விரை வீக்கம் வரலாம். தவிர, இந்த நோய் பெரும்பாலும் கருவிலிருந்தும் இளங்கொடியிலிருந்தும் பாலிலிருந்தும் பரவுவது என்பதால் காளைக்குப் போட்டுப் பெரிய லாபமும் இல்லை. நோய் மிகுந்த பண்ணைகளில் வளர்ந்த மாட்டுக்குப் போடுவதற்கென்று 30 கோடி முதல் 500 கோடி வரையிலான குறைந்த அளவு உலகத் தரநூல்களில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இங்கே போடுவது கிடேரிகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும். அதுவே உங்களுக்குப் போதும். கன்று வீசிய மாட்டுக்குள் ஏற்கெனவே கிருமி இருந்தால் எந்தத் தடுப்பூசியும் அதை வெளியேற்றாது.

ஊசி நாளன்று கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. கன்றுக்கு அண்மையில் ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற மருந்து போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசிக் கிருமியையும் கொன்றுவிடும். இரண்டு வாரம் போலத் தள்ளிப்போடுவது நல்லது. ஊசிக்குப் பிறகும் அதே கதைதான். மறுநாள் கன்றுக்குக் காய்ச்சல் கண்டதும் யாராவது ஒரு ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டுவிட்டால், போட்ட தடுப்பூசி வீண். வெளியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. மூன்று வருடம் கழித்து அந்த மாடு கன்று வீசும்போது, ஊசியே தண்ணி ஊசி என்று பேச்சு வரும். கழிச்சலோ சளியோ உள்ள கன்றுக்கும், உண்ணி நிறைய ஒட்டி இளைத்த கன்றுக்கும் தேறிய பின் போட்டுக்கொள்ளலாம். கோமாரி ஊசிக்கும் இதற்கும் இரண்டு மூன்று வார இடைவெளி விடுங்கள்.

மருந்து உறைநிலையில் உலர்த்திய கட்டியாக, 2 முதல் 8 டிகிரிக்குள் வர வேண்டும். உடன் தந்திருக்கும் கரைப்பானும் குளிர்ந்திருக்க வேண்டும். ஐந்து கன்றுக்கான குப்பி என்றால் 10 மி.லி. கரைத்த பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் நிழலில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிஞ்சினால் அடுத்த ஊருக்கு எடுத்துப்போகக் கூடாது. குலுக்கிக் கலக்கினால் நுரை வரும், அளவு தப்பும். மெதுவாகச் சுழற்றினால் போதும். குப்பியின் ரப்பர் மூடியிலும் கன்றின் தோலிலும் ஸ்பிரிட் தடவக் கூடாது. சுத்தம் என்று நினைத்துச் செய்யும் அந்தச் செயல் உயிர்த் தடுப்பூசியில் மருந்தையே கொல்லும். போடும் இடம் கழுத்துப் பக்கத்தில் தோலுக்கடியில், 2 மி.லி. முழுவதும். ஒரு கன்றுக்கு ஒரு ஊசி முனை.

உங்கள் பங்கு கன்றைப் பிடிப்பது. விபத்துகளில் பெரும்பாலானவை இங்கேதான். காலையில் வெயிலுக்கு முன் கன்றைத் தனியே கட்டி, தலைக்கயிறு போட்டு, ஒருவர் தலையையும் ஒருவர் பின்பக்கத்தையும் சுவரோடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள். தோலைக் கிள்ளித் தூக்கி ஊசி போடும்போது கன்று துள்ளினால், முனை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, கிள்ளிய கையிலோ பிடித்தவர் முகத்திலோ மருந்து பீய்ச்சும். ஊசி போடுபவர் கையுறை, மூக்கு வாய் மூடும் என்95 முகக்கவசம், கண்ணாடி அணிந்திருப்பார். பிடிப்பவருக்கும் அவை வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் பிடிக்க வேண்டாம். பிள்ளைகளும் வேடிக்கை பார்ப்பவர்களும் தள்ளி நிற்கட்டும். பயன்படுத்திய முனையை மூடியில் திரும்பச் செருகாமல் கெட்டியான டப்பாவில் போட்டு, காலிக் குப்பிகளோடு மருத்துவக் குழுவே எடுத்துச் செல்ல வேண்டும். காலிக் குப்பி எருக்குழிக்குப் போகக் கூடாது.

யாருக்காவது ஊசி குத்திவிட்டால், அல்லது கண்ணில் தெறித்துவிட்டால்: காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள், கண் என்றால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம். அன்றே மருத்துவமனைக்குப் போய் “புரூசெல்லா எஸ்-19 உயிர்த் தடுப்பூசி பட்டுவிட்டது” என்று இதே சொற்களில் சொல்லுங்கள். மாட்டு ஊசி குத்திவிட்டது என்று மட்டும் சொன்னால் ஒரு டி.டி. (டெட்டனஸ் ஊசி) போட்டு அனுப்பிவிடுவார்கள். வழக்கமாகக் கொடுப்பது டாக்சிசைக்ளின் 100 மி.கி. நாளுக்கு இருவேளை, ரிஃபாம்பிசின் 600 மி.கி. ஒருவேளை, மூன்று வாரம். கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் இந்தக் கூட்டு அப்படியே பொருந்தாது. மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நாள் ரத்தம் எடுத்து வைத்து, ஆறு மாதம் வரை இடையிடையே பரிசோதிப்பதும், காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி வருகிறதா என்று கவனிப்பதும் அதில் அடக்கம். எஸ்-19 மாட்டுக்கு வீரியம் குறைந்ததே தவிர, மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலைக் கொடுக்கும் திறன் அதற்கு இருக்கிறது.

மகள் அடுத்து ஆர்பி-51 என்ற இன்னொரு தடுப்பூசி ரகம் பற்றிக் கேட்பாள் என்று நினைக்கிறேன். வீரியமான 2308 ரகத்தை ரிஃபாம்பிசின் கலந்த வளர்ப்பில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அந்தச் சர்க்கரைச் சங்கிலியை இழக்கச் செய்து பெற்ற ரகம் அது. சங்கிலி இல்லாததால் வழக்கமான ரத்தப் பரிசோதனையைக் குழப்பாது. இதற்காகவே அமெரிக்கா 1996-இல் எஸ்-19 ரகத்தை விட்டு அதற்கு மாறியது. அதே குணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மனிதருக்கு ஆர்பி-51 தொற்றினால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அதுவும் தெரியாது. சிகிச்சையில் முக்கியமான ரிஃபாம்பிசின் அதன்மேல் வேலை செய்யாது. 2017-இல் டெக்சாஸில் காய்ச்சாத பால் குடித்தவருக்கு இந்த ரகத் தொற்று வந்ததுண்டு. நம் ஊரில் வீட்டுக்கு வீடு கறவை, கையுறை இல்லாத கை என்ற நிலையில் எஸ்-19 ரகத்தோடு இருப்பதே நல்லது என்பது என் கருத்து. இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் எஸ்-19 ரகத்திலேயே ஒரு மரபணுவை நீக்கிப் புதிய ரகம் உருவாக்கியிருக்கிறது. ஊசி போட்ட மாட்டையும் நோயுள்ள மாட்டையும் பிரித்தறிய உதவும் இந்தப் பாதைதான் இந்தத் துறை போக வேண்டிய வழி.

ஊசிக்குப் பிறகு கன்றுகளுக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் தீவனக் குறைவும், கழுத்தில் எலுமிச்சை அளவு வீக்கமும் இருக்கலாம். மெலாக்சிகாம் போன்ற காய்ச்சல் மருந்து கொடுக்கலாம், மேலே சொன்னபடி ஆன்டிபயாடிக் மட்டும் வேண்டாம். ஊசி போட்ட அரை மணிக்குள் மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ அது ஒவ்வாமை. குழு போவதற்கு முன் அந்த அரை மணி நேரம் கன்றைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஊசி போட்ட கன்று மற்றக் கன்றுகளுக்குக் கிருமியைப் பரப்பாது, தனியே கட்ட வேண்டியதில்லை. 12 இலக்கக் காது வில்லை போட்டு, ஊசி போட்ட தேதியை அந்த எண்ணோடு பதிந்தார்களா என்று நின்று பாருங்கள். பின்னாளில் விற்கும்போது பரிசோதனையில் சந்தேகம் வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பதிவு.

கறவை மாடுகளுக்கு வருகிறேன். ஏழாம் மாதக் கன்று வீச்சு, அதுவும் சந்தை மாடு வந்த பின் அடுத்தடுத்து இரண்டு என்றால், புரூசெல்லாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லெப்டோஸ்பைரா என்ற கிருமியும் ஐ.பி.ஆர். என்ற வைரஸும் கன்று வீச வைக்கும் என்பதால் பரிசோதிக்காமல் முடிவு கட்ட முடியாது. ஒன்பது மாட்டுக்கும், சினைக் கிடேரிக்கும் ரத்தம் எடுத்து மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி உங்கள் கால்நடை உதவி மருத்துவரிடம் கேளுங்கள். ரோஸ் பெங்கால் சோதனை எளியது: ஒரு துளி சீரமும் ஒரு துளி சாயக் கிருமியும் கலந்து நான்கு நிமிடத்தில் திரிகிறதா என்று பார்ப்பது. திரிந்தால் எலைசா என்ற ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். எல்லா மாட்டுப் பாலையும் கலந்து செய்யும் பால் வளையச் சோதனையும் உண்டு. மடிநோயோ சீம்பாலோ கலந்திருந்தால் அது பொய்யாகக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். இல்லை என்று வந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். நோயுள்ள தாய்க்குப் பிறந்த கிடேரி, முதல் ஈற்று வரை பரிசோதனையில் தெரியாமலே கிருமியைச் சுமக்கலாம். உங்கள் சினைக் கிடேரி அந்த மாடுகளில் ஒன்றுக்குப் பிறந்ததா என்று பாருங்கள்.

ஒரு முறை கன்று வீசிய மாடு பெரும்பாலும் அடுத்த முறை ஒழுங்காகவே ஈனும். “இப்போது சரியாகிவிட்டது” என்று நினைக்க வைப்பது அதுதான். ஒவ்வொரு ஈற்றிலும் கருப்பை நீரிலும் பாலிலும் கிருமி போய்க்கொண்டிருக்கும். மருந்து கொடுத்துக் குணப்படுத்தும் முயற்சியில் பணத்தைச் செலவிட வேண்டாம். கிருமி அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு திரும்பி வரும். உறுதியான மாட்டைத் தனித் தொழுவத்தில், தனி வாளியோடு, கடைசியாகக் கறக்கும் மாடாக வையுங்கள். ஈற்றுக் காலத்தில் மற்ற மாடுகளின் பார்வைக்கே போகாத இடத்தில் கட்டி, திரவம் நிற்கும்வரை, குறைந்தது ஒரு மாதம், அங்கேயே இருக்கட்டும். அதைச் சந்தையில் கறவை மாடாக விற்பது, உங்களுக்கு நடந்ததை இன்னொருவருக்குச் செய்வதாகும்.

வீசிய கருவையும் இளங்கொடியையும் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உங்கள் பக்கம் இருந்தால், இந்த நோயில் அதை விட்டுவிட வேண்டும். காக்கையும் நாயும் கிருமியை ஊர் முழுக்கக் கொண்டு போகும். கையுறை போட்டு எடுத்து, நாலைந்து அடிக் குழியில், அடியிலும் மேலும் சுண்ணாம்பு கொட்டிப் புதையுங்கள். தரையில் சாணத்தையும் கழிவையும் முதலில் வாரிய பிறகே 1 சதவீத ஹைப்போகுளோரைட்டோ 2 சதவீதக் காஸ்டிக் சோடாவோ ஊற்ற வேண்டும். சாணத்தின்மேல் ஊற்றினால் ஹைப்போகுளோரைட் வலுவிழந்துவிடும். நேர் வெயிலில் இந்தக் கிருமி சில மணி நேரத்தில் சாகும், நிழலும் ஈரமும் உள்ள மூலையில் மாதக்கணக்கில் இருக்கும். கட்டுத்தறியின் கிழக்குப் பக்கம் மறைப்பு இருந்தால் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பச்சைப் பால், பச்சைப் பாலில் உறை ஊற்றிய தயிர் மட்டும் வேண்டாம். ஈற்றுப் பார்ப்பது, கொடியை எடுப்பது, கழிவு அள்ளுவது எதையும் மருமகள் செய்யாதிருக்கட்டும். போன வருடத்துக் கன்று வீச்சுகளின்போது அவர் பக்கத்தில் இருந்திருந்தால், அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லி ஒரு புரூசெல்லா ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். வீட்டில் வேறு யாருக்காவது வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி இருந்தாலும் அப்படியே. மனிதருக்குப் போட இங்கே தடுப்பூசி எதுவும் இல்லை. மாட்டு ஊசி மனிதருக்கு ஆகாது.

இனி மாடு பிடிக்கும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன் ரத்தம் எடுத்துப் பாருங்கள். வாங்கிய பின்னும் ஒரு மாதம் தனியே கட்டி, இன்னொரு முறை பரிசோதித்த பிறகே மற்ற மாடுகளோடு சேருங்கள். சினை மாடாக இருந்தால் ஈற்று முடியும்வரை தனியேதான். 3 மாதக் கிடேரிக்கு 4 மாதம் நிறையும் தேதியையும் 8 மாதம் முடியும் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த முகாம் அந்த இடைவெளிக்குள் வராவிட்டால் நீங்களே மருந்தகத்தில் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.